திறன்கடிகாரமும் புதிய திறன்பேசியும்

காலத்தைக் காட்டுதல் ஒன்றே கைக்கடிகாரத்தின் தொழிலாக இருந்த காலம் கழிந்துவிட்டது. இக்காலத்துத் திறன்கடிகாரம் நாடித்துடிப்பை எண்ணுகின்றது, நடந்த அடிகளைக் கணக்கிடுகின்றது, உறக்கத்தை அளக்கின்றது, திறன்பேசிக்கு வரும் செய்தியை மணிக்கட்டிலே காட்டுகின்றது. ஆயினும், பழைய கடிகாரத்துக்கும் இதற்குமுள்ள தலையாய வேற்றுமை இவற்றுள் எதுவுமன்று. பழைய கடிகாரம் தனித்தியங்க வல்லது. திறன்கடிகாரமோ தன் பணிகளுட் பலவற்றைத் திறன்பேசியின் துணைகொண்டே ஆற்றுகின்றது. இதனாலேதான் புதிய திறன்பேசி வாங்குவோர் சிலர், பழுதேதுமில்லாத தம் கடிகாரம் அப்பேசியோடு இணங்க மறுப்பதைக் கண்டு திகைக்கின்றனர். கருவி கெடவில்லை, கைவிட்டுப்போயிற்று. இதற்குக் காரணம் யாது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்விரு கருவிகளின் இணக்கம் மூன்று படிகளில் அமைவது. அவை அலைவழித் தொடர்பு, பொதுமொழி, துணைச்செயலி என்பன.

முதலாவதாகிய அலைவழித் தொடர்பு புளூடூத் எனப்படும். எறிக்சன், நோக்கியா, இன்டெல், ஐ.பி.எம்., தோசிபா ஆகிய ஐந்து நிறுவனங்கள் 1998 ஆம் ஆண்டிற் கூடி இதற்கென ஒரு பொது அமைப்பை நிறுவின. பத்தாம் நூற்றாண்டில் டென்மார்க்கை ஆண்ட ஹரால்ட் மன்னனின் பட்டப்பெயரே இதற்குப் பெயராயிற்று. இது 2.4 கிகாஹேட்ஸ் அலைவரிசையில் இயங்குவது. 2010 ஆம் ஆண்டில் வெளிவந்த நான்காம் பதிப்பு, சிறியதொரு மின்கலத்தைக் கொண்டு நெடுநேரம் தொடர்பைப் பேணும் குறைவலு முறையைத் தந்தது. அம்முறையிற் பிந்திய பதிப்புடைய பேசி, முந்திய பதிப்புடைய கடிகாரத்தோடும் தொடர்புகொள்ள வல்லது. ஆதலால் முதற்படியிலே தடை நேர்வது அரிது.

இருவர் ஒருவர் குரலை ஒருவர் கேட்டாற் போதாது. இருவருக்கும் பொதுவான மொழியும் வேண்டும். இதுவே இரண்டாவது படி. நாடித்துடிப்பின் எண்ணிக்கை போன்ற சிலவற்றுக்குப் புளூடூத் அமைப்பு பொதுமொழி வகுத்துள்ளது. அதனாலேயே ஒரு நிறுவனத்தார் செய்த நெஞ்சுப்பட்டி அளக்குந் துடிப்பை, வேறொரு நிறுவனத்தாரின் பேசி படிக்கின்றது. ஆயின் உறக்கக் குறிப்பு, செய்திக்கு மறுமொழி அனுப்புதல், கடிகார முகப்பை மாற்றுதல் முதலியவற்றை ஒவ்வொரு நிறுவனமும் தனக்கே உரிய முறையில் அமைத்துக்கொள்கின்றது. 2015 இல் விற்பனைக்கு வந்த அப்பிள் கடிகாரம் ஐபோன் ஒன்றோடு மட்டுமே இணையும்படி செய்யப்பட்டது. அன்ட்ரொயிட் பேசியோடு அது இணைவதில்லை. சம்சுங் நிறுவனமோ 2017 இல் தன் கியர் கடிகாரங்கள் சில ஐபோனோடும் இணைய வழிசெய்தது. பின்னர் 2021 இல் தன் பழைய பணிசெயல் முறைமையாகிய டைசனை விடுத்து, கூகுளின் வெயர் ஓ.எஸ். முறைமைக்கு மாறியபொழுது, அவ்வாண்டு வந்த கலக்ஸி வாச் 4 ஐபோனோடு இணையாதாயிற்று. ஒரே நிறுவனத்தின் முந்திய கடிகாரம் இணங்க, பிந்தியது இணங்காமை ஈண்டு நோக்கத்தக்கது.

மூன்றாவது படியாகிய துணைச்செயலி, கடிகாரத்துக்காகப் பேசியில் நிறுவப்படும் மென்பொருளாகும். பேசியின் பணிசெயல் முறைமை ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படுகின்றது. அதற்கேற்பத் துணைச்செயலியும் புதுப்பிக்கப்படாவிடின் உறவு முறிந்துவிடும். இவ்வுண்மையைப் பெபிள் கடிகாரத்தின் வரலாறு நன்கு விளக்கும்.

2012 ஆம் ஆண்டில் ஏறக்குறைய 69,000 பேர் கிக்ஸ்டாட்டர் வாயிலாக ஒரு கோடி டொலருக்கு மேல் முன்பணம் உதவ, பெபிள் கடிகாரம் உருவாயிற்று. ஐபோன், அன்ட்ரொயிட் ஆகிய இரண்டோடும் அது இணைந்தது. 2016 டிசெம்பரில் அந்நிறுவனம் மூடப்பட, அதன் மென்பொருட் சொத்தை ஃபிட்பிட் நிறுவனம் வாங்கியது. 2018 யூன் 30 ஆம் நாளோடு சேவையகங்களும் நிறுத்தப்பட்டன. கடிகாரங்கள் நல்ல நிலையில் இருந்தும் அவற்றின் பணிகள் பல நின்றுபோயின. அப்பொழுது ரெபிள் என்னும் பெயரால் ஒன்றுகூடிய ஆர்வலர், தாமே மாற்றுச் சேவையகம் அமைத்து அவற்றை இயக்கினர். 2022 இல் மற்றோர் இடர் வந்தது. அவ்வாண்டு வெளியான கூகுளின் பிக்சல் 7 பேசி 64 பிட் செயலிகளை மட்டுமே ஏற்பது. பெபிளின் துணைச்செயலியோ 32 பிட் காலத்தது. ஆதலின் புதிய பேசியில் அதனை நிறுவ இயலாதாயிற்று. சில நாட்களுக்குள் 64 பிட் முறையில் அமைந்த புதிய பதிப்பு வெளியிடப்பட, கடிகாரம் மீண்டும் புதிய பேசியோடு உறவாடிற்று. ஃபிட்பிட்டை உடைமையாக்கிக்கொண்ட கூகுள், 2025 சனவரியிற் பெபிளின் மூல நிரலை யாவரும் பயன்படுத்துமாறு வெளியிட்டது.

இவ்வரலாற்றாற் பெறப்படுவது யாது? இணக்கம் என்பது கடிகாரத்துள் ஒருமுறை வைத்து மூடிய பொறியன்று. அது நாள்தோறும் பேணப்படும் உடன்படிக்கை. பேணுவோர் உள்ளவரை அது நிலைக்கும்; கைவிடின் உலோகமும் கண்ணாடியும் மட்டுமே எஞ்சும்.

இனி, இணங்காமை யாவும் தொழினுட்ப இயலாமையால் வருவனவோ, வணிக நோக்கினால் வருவனவும் உளவோ என்னும் வினா எழுகின்றது. இது நீதிமன்றம் வரை சென்றுள்ளது. 2024 மார்ச்சில் அமெரிக்க நீதித் திணைக்களம் அப்பிளுக்கு எதிராகத் தொடுத்த வழக்கில், பிற நிறுவனங்களின் கடிகாரங்கள் ஐபோனோடு முழுமையாகச் செயற்படாவண்ணம் தடுக்கப்படுகின்றன என்பதும் ஒரு குற்றச்சாட்டாகும். 2025 மார்ச்சில் ஐரோப்பிய ஆணைக்குழு, ஐபோனின் அறிவிப்புகளைக் காட்டுதல் முதலிய வசதிகளைப் பிறர் கருவிகளுக்கும் திறந்துவிடுமாறு பணித்தது. பயனாளரின் அந்தரங்கப் பாதுகாப்பு இதனாற் குன்றும் என்பது அப்பிளின் வாதம். அது அம்முடிவை எதிர்த்து நீதிமன்றத்தை நாடியது. இரு தரப்பு வாதங்களிலும் பொருளுண்டு. ஒருவரின் நாடித்துடிப்பும் அந்தரங்கச் செய்தியும் எளிதில் எவர் கைக்கும் எட்டலாகாது. ஆயினும் பாதுகாப்பு என்னும் பெயரால், வாங்குவோன் ஒரு நிறுவனத்துக்கே கட்டுண்டு கிடத்தலும் முறையன்று.

புதிய பேசி வாங்குவோர் முற்கூட்டியே மூன்று வினாக்களுக்கு விடை காண வேண்டும். முதலாவது, கடிகாரம் வேண்டும் பணிசெயல் முறைமையும் அதன் பதிப்பும் புதிய பேசியில் உளவோ என்பது. 2024 இல் வந்த அப்பிளின் வாச் ஓ.எஸ். 11, ஐ.ஓ.எஸ். 18 இயங்கும் ஐபோனையே வேண்டிற்று. இரண்டாவது, துணைச்செயலி இன்றும் புதுப்பிக்கப்படுகின்றதோ என்பது. மூன்றாவது, சேர்த்துவைத்த உடல்நலக் குறிப்புகளை எவ்வாறு மாற்றுவது என்பது. அப்பிள் கடிகாரத்தைப் பழைய ஐபோனிலிருந்து முறைப்படி பிரிக்கும்பொழுது அப்பேசியிலே காப்புப்பிரதி உண்டாகும். ஆகவே பழைய பேசியை விற்கும் முன்னரே அதனைச் செய்தல் வேண்டும். வெயர் ஓ.எஸ். கடிகாரங்களிற் பேசி மாற்றுதற்குக் கடிகாரம் முழுவதையும் வெறுமையாக்கும் நிலை முன்னர் இருந்தது. 2023 இல் வந்த நான்காம் பதிப்பே அவ்வாறு செய்யாது மாற்றும் வழியைத் தந்தது.

கருவியின் அழகையும் விலையையும் நோக்குவதோடு, அதன் உடன்படிக்கை எத்துணைக் காலம் நிலைக்கும் என்பதையும் நோக்கி வாங்குதல் அறிவுடையார் செயலாகும். நாளை மென்பொருள் ஆக்குநராக விளங்கவிருக்கும் நம் மாணவரோ, இன்னொன்றையும் உளங்கொள்ளல் வேண்டும். புதியதைப் படைத்தல் பெருமைதான். முன்னர்ப் படைத்ததைக் கைவிடாது பேணுதல் அப்பெருமையின் பாதியாகும்.