தீபாவளித் தட்டும் தவழும் குழந்தையும்

மும்பையில் நம்மவர் மிகுதியாக வசிக்கும் மாதுங்கா, செம்பூர், தாராவி முதலிய பகுதிகளில் தீபாவளிக்குச் சில நாள் முன்பிருந்தே தட்டுகள் வீடு மாறத் தொடங்கிவிடும். நம் முறுக்கும் மைசூர்ப்பாகும் அடுத்த வீட்டு மராத்தியக் குடும்பத்துக்குப் போகும். அங்கிருந்து கரஞ்சியும் சிவ்டாவும் நான்கட்டாயும் வரும். நான்கட்டாய் மாவைப் பிசைந்து, தெருக்கோடி பேக்கரியில் கொடுத்துச் சுட்டு வாங்குவது இந்நகரின் பழைய வழக்கம். இப்போது பல வீடுகளில் ஓவனே வந்துவிட்டது. கிறிஸ்துமஸ் வந்தால் நெல்லை, தூத்துக்குடிக் குடும்பங்களில் கேக்கும், ஊரிலிருந்து வந்த மக்ரூனும் மணக்கும்.

இதற்கெல்லாம் நடுவில், அண்மையில் சோறு உண்ணத் தொடங்கிய குழந்தை எல்லாரையும் பார்த்து வாயைத் திறக்கிறது. வருகிறவர் ஒவ்வொருவருக்கும் அதன் வாயில் ஒரு துணுக்கு வைக்க ஆசை. ஊரிலென்றால் பாட்டியோ அத்தையோ குறுக்கே நின்று பதில் சொல்லிவிடுவார்கள். இங்கே அந்தப் பொறுப்பு பெரும்பாலும் இளந்தாய் ஒருத்தியின் தலையில் விழுகிறது. வேண்டாம் என்பதற்குக் காரணம் தெரிந்திருந்தால் அவளுக்குத் தைரியம் உண்டாகும்.

ஆறு மாதம் நிறையும்வரை தாய்ப்பால் மட்டுமே போதும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. அதன் பிறகும் தலை நிமிர்ந்து நிற்கிறதா, சாய்மானத்துடன் உட்கார முடிகிறதா, ஊட்டியதை நாவால் வெளியே தள்ளாமல் விழுங்குகிறதா என்று பார்க்க வேண்டும். பண்டிகையன்று ஐந்து மாதமே ஆன குழந்தைக்கு அவ்வருஷம் பட்சணம் கிடையாது, புதுச்சட்டை போதும்.

எல்லாவற்றிலும் முதலில் விலக்க வேண்டியது தேன். சேனை வைக்கும் வழக்கமுள்ள நமக்கு இது கசப்பான செய்திதான். தேனில் சில சமயம் ஒருவகை நுண்கிருமியின் வித்துகள் கலந்திருக்கும். பெரியவர்களின் குடலில் அவை முளைப்பதில்லை. ஒரு வயது நிறையாத சிசுவின் குடலிலோ முளைத்து நஞ்சை உண்டாக்கக் கூடும். முதலில் மலச்சிக்கல், பிறகு மெலிந்த அழுகுரல், பால் உறிஞ்ச வலுவின்மை, தலை துவளுதல், முடிவில் மூச்சுக்கே ஆபத்து. சிசுக்களுக்கு வரும் இந்நோயை 1976-ல் அமெரிக்காவில் கண்டறிந்தார்கள். 'கேக்கில் சேர்த்துச் சுட்டுவிட்டோமே, தீபாவளி லேகியத்தில் கிளறிவிட்டோமே' என்று சிலர் கேட்பார்கள். அந்த வித்துகளை உறுதியாக அழிக்க, அழுத்தத்துடன் கூடிய 121 டிகிரி வெப்பம் தேவை. ஓவன் 180 டிகிரி காட்டினாலும் ஈரமுள்ள கேக்கின் உட்புறம் 100 டிகிரியைத் தாண்டாது. ஆகவே தேன் கலந்த கேக்கும் வேண்டாம், நாவில் தடவும் லேகியமும் வேண்டாம்.

அடுத்தது, தொண்டையில் அடைத்துக்கொள்ளும் பண்டங்கள். முழு முந்திரி, பாதாம், வேர்க்கடலை ஆகியவற்றை ஐந்து வயதுவரை கொடுக்கலாகாது. கேக்கிலுள்ள திராட்சை, முறுக்கின் உடைசல், சிவ்டாவின் கடலை எல்லாம் சிசுவுக்கு ஆகாதவை. நான்கட்டாய் வாயில் கரையும் என்பார்கள். பல் இல்லாத வாயில் அது உதிர்ந்து மாவாக ஒட்டிக்கொள்ளும். கட்டி விழாத அரைத்த விழுதாக வேர்க்கடலை கொடுப்பது வேறு. லண்டனில் நடந்த ஆராய்ச்சி ஒன்று, ஒவ்வாமை வரக்கூடிய குழந்தைகளுக்கு அதைச் சீக்கிரமே பழக்கினால் வேர்க்கடலை ஒவ்வாமை பெரிதும் குறைகிறது என்று 2015-ல் காட்டியது. கடுமையான கரப்பான் உள்ள குழந்தையானால் வைத்தியரைக் கேட்டபின் தொடங்குக. கோதுமை, முட்டை, முந்திரி விழுது ஆகிய எதையும் பண்டிகை நாளில் புதிதாகக் கொடுக்கக் கூடாது. சில நாள் முன்பே, பகலில், ஒவ்வொன்றாகப் பழக்கியிருக்க வேண்டும். நான்கு வீட்டுப் பலகாரமும் வாயில் பட்ட பிறகு உடம்பு தடித்தால் எதனால் என்று எப்படி அறிவது?

சர்க்கரை இரண்டு வயதுவரை வேண்டாம். வெல்லமும் கருப்பட்டியும் அதே கணக்குத்தான்.

பின் என்னதான் கொடுப்பது? நன்றாகக் கனிந்த வாழைப்பழம் இரண்டை மசித்து, கரண்டியால் எடுத்து வைக்கும் பதம் வரும்வரை கோதுமை மாவோ வறுத்த கேழ்வரகு மாவோ சேர்த்து, நெய் இரண்டு சிறு கரண்டி, ஏலப்பொடி ஒரு சிட்டிகை கலந்துகொள்க. சர்க்கரையும் உப்பும் வேண்டா. விரல் பருமனில் நீளமாக வைத்து, 180 டிகிரி சூட்டில் கால் மணி நேரம் சுடலாம். ஓவன் இல்லாதவர் இட்லித் தட்டில் வேகவைக்கலாம். (வேகவைத்ததே இன்னும் மெதுவாக இருக்கும் என்பது என் எண்ணம்.) ஆறியபின் இரு விரலிடையே அழுத்தினால் முழுதும் நசுங்க வேண்டும், நசுங்காவிட்டால் பெரியவர்கள் தின்னட்டும். ஆறேழு மாதக் குழந்தைக்குத் தாய்ப்பாலில் ஊறவைத்து மசித்தே கொடுக்க வேண்டும். முட்டை சேர்ப்பவர்கள் உள்ளே ஈரமில்லாமல் வேகவிடுக. பச்சை மாவை நக்கவிடாதீர்கள்.

நிமிர்த்தி உட்காரவைத்து, ஒருவர் எதிரில் இருந்தே ஊட்டுக. மத்தாப்புப் பார்க்கத் தூக்கிச் செல்லும்போது வாயில் எதுவும் இருக்கலாகாது. அடைத்துக்கொண்டு சத்தமே வராமல் போனால் வாய்க்குள் விரலைவிட்டுத் துழாவாமல், முகம் கீழாக முன்கையில் கிடத்தி, இரு தோள்பட்டைகளின் நடுவே ஐந்து முறை தட்டுக. பிறகு மல்லாத்தி மார்பின் நடுவே ஐந்து முறை அழுத்துக. அடைப்பு வெளிவரும்வரை இதையே மாறி மாறிச் செய்ய, மற்றொருவர் 108-ஐ அழைக்கட்டும்.

அடுத்த வீட்டு ஆஜி ஆசையோடு லட்டுத் துணுக்கை நீட்டினால் முகம் சுளிக்க வேண்டியதில்லை. குழந்தைக்கென்று செய்ததைச் சிறு கிண்ணத்தில் தயாராக வைத்திருந்து, 'நீங்களே இதை ஊட்டுங்கள்' என்று அவர் கையில் கொடுத்துவிடலாம். லட்டை நாம் வாங்கிக்கொள்ளலாம்.