கோப்பும் கதையும்

ஒரு நாட்டின் பொருளாதார வரலாற்றை அறியப் புள்ளிவிவரங்களைப் படியுங்கள் என்று பல்லாண்டுகள் மாணவர்களுக்குக் கூறி வந்தேன். அந்தப் புள்ளிவிவரங்களுக்குள் மறைந்து கிடக்கும் மனிதர்களைக் காட்ட ஒரு நாவலாசிரியரும் தேவை என்பதைப் பிரேசில் எழுத்தாளர் மஷாடோ டி அசிஸைப் படித்த பிறகே உணர்ந்தேன்.

1839 ஜூன் 21 அன்று ரியோ டி ஜெனீரோவில், ஒரு குன்றுப் பகுதியில் பிறந்தவர் மஷாடோ. தந்தை வீடுகளுக்கு வண்ணம் பூசும் தொழிலாளி. விடுதலை பெற்ற அடிமைகளின் வழிவந்தவர். தாய் போர்ச்சுகலின் அசோர்ஸ் தீவுகளிலிருந்து வந்த ஏழைப் பெண். முறையான கல்வி பெறும் வாய்ப்பு மஷாடோவுக்குக் கிட்டவில்லை. அச்சகத்தில் பயிற்சியாளராகச் சேர்ந்து, எழுத்துக்களைக் கோத்தபடியே எழுதவும் கற்றார். வலிப்பு நோயும் திக்குவாயும் அவரை வருத்தின. ஆயினும், 1897-இல் பிரேசில் இலக்கியக் கழகம் தொடங்கப்பட்டபோது அதன் முதல் தலைவரானவர் அவர்தான்.

அடிமை முறை நிலவிய நாட்டில், அடிமைகளின் வழித்தோன்றலான அவர், அக்கொடுமை குறித்து மௌனம் காத்தார் என்பது அவர்மீது நெடுங்காலமாகச் சுமத்தப்பட்ட குற்றச்சாட்டு. அது சரிதானா?

மஷாடோ வேளாண் அமைச்சகத்தின் அதிகாரியாகவும் இருந்தார். அடிமைத் தாய்க்குப் பிறக்கும் குழந்தை சுதந்திரமானது என அறிவித்த 1871-ஆம் ஆண்டுச் சட்டத்தைச் செயல்படுத்திய பிரிவு அவர் பொறுப்பில் இருந்தது. அச்சட்டத்தில் ஒரு சூழ்ச்சி இருந்தது. குழந்தைக்கு 8 வயதானதும் உரிமையாளர் அரசிடம் இழப்பீடு பெறலாம். அல்லது 21 வயது வரை அதன் உழைப்பைப் பயன்படுத்திக் கொள்ளலாம். பெரும்பாலோர் உழைப்பையே தேர்ந்தெடுத்தனர். சுதந்திரம் காகிதத்திலும் உழைப்பு எசமானிடமும் தங்கின.

அமைச்சகக் கோப்புகளை ஆராய்ந்த வரலாற்றாசிரியர் சிட்னி சல்லூப், சட்டத்தின் நோக்கம் விடுதலையே என்ற கண்ணோட்டத்தில் மஷாடோ தம் குறிப்புகளை எழுதினார் என்று எடுத்துக்காட்டினார். மேடையில் முழங்காதவர், கோப்பில் பேசியிருக்கிறார்.

கதைகளிலும் அவர் பேசாமல் இல்லை. 1881-இல் நூலாக வெளிவந்த 'பிராஸ் கூபாஸின் மரணத்துக்குப் பிந்தைய நினைவுகள்' நாவலில், செல்வந்தரான பிராஸ் கூபாஸ் இறந்த பின் தம் கதையைச் சொல்கிறார். சிறுவயதில் அவர் குதிரையாக்கிச் சவாரி செய்த அடிமைச் சிறுவன் புருடென்சியோ. பின்னாளில் விடுதலை பெற்ற அவன், தனக்கென ஓர் அடிமையை வாங்கித் தெருவில் சாட்டையால் அடிக்கிறான். வாங்கிய அடியை வட்டியுடன் இன்னொருவனிடம் வசூலிக்கிறான்! ஒடுக்குமுறை எவ்வாறு கைமாறுகிறது என்பதை எந்தப் பொருளியல் பாடநூலும் இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை.

1888 மே 13 அன்று பிரேசிலில் அடிமை முறை ஒழிந்தது. அந்தச் சட்டத்தில் இருந்தவை இரண்டே பிரிவுகள். விடுதலை பெற்றோருக்கு நிலமோ கல்வியோ அது வழங்கவில்லை. 18 ஆண்டுகளுக்குப் பின், நாடே மறக்க விரும்பிய வேளையில், 'தாய்க்கு எதிராகத் தந்தை' என்ற சிறுகதையை மஷாடோ ஒரு தொகுப்பில் வெளியிட்டார். ஓடிப்போன அடிமைகளைப் பிடித்துத் தருவது கதைநாயகனின் பிழைப்பு. வறுமையால் தன் பச்சிளம் குழந்தையை ஆதரவற்றோர் இல்லத்தில் விடச் செல்லும் வழியில், தப்பியோடிய கர்ப்பிணி அடிமை ஒருத்தியைப் பிடிக்கிறான். பரிசுப் பணம் கிடைக்கிறது. அவன் குழந்தை வீடு திரும்புகிறது. அவளுடைய கருவோ கலைந்துவிடுகிறது. ஏழையை ஏழைக்கு எதிராக நிறுத்துவதுதான் அந்தப் பொருளாதாரத்தின் அடித்தளம் என்பதை, குரலை உயர்த்தாமலே அக்கதை நிறுவிவிடுகிறது.

1908 செப்டம்பர் 29 அன்று மஷாடோ மறைந்தார். அவருடைய இறப்புச் சான்றிதழ் அவரை 'வெள்ளையர்' என்று குறித்தது. புகழ் பெற்றவரின் நிறத்தைக்கூட அச்சமூகம் மாற்றி எழுதிக்கொண்டது.

உரக்கப் பேசுவோரை மட்டுமே மனசாட்சி உள்ளவர்கள் என்று எண்ணிவிடுகிறோம். கோப்பில் எழுதும் ஒரு நேர்மையான குறிப்புக்கும், அமைதியாகச் சொல்லப்படும் ஒரு கதைக்கும் நீதியின் பக்கம் நிற்கும் வலிமை உண்டு. மஷாடோவின் மௌனத்தைக் கூர்ந்து கேட்டவர்கள் இதை அறிவார்கள்.