வைர மோதிரம் வாங்கப் போறீங்களா? ஹால்மார்க் மட்டும் போதாது... கவனிக்க வேண்டியது என்ன?

கன்னியாகுமரி பகவதி அம்மனின் மூக்குத்தி ஒளியைக் கலங்கரை விளக்கம் என நினைத்துக் கப்பல்கள் பாறையில் மோதின. அதனால்தான் கோயிலின் கிழக்கு வாசலை மூடி வைத்தார்கள் என்ற கதை நாஞ்சில் நாட்டில் எல்லோருக்கும் தெரியும். அந்தக் கதையில் பேசப்படுவது கல்லின் எடை அல்ல, ஒளி. கல்யாணத்துக்கு மோதிரம் எடுக்க நாகர்கோவில் கடைகளில் ஏறி இறங்குபவர்கள் முதலில் பார்க்க வேண்டியதும் அதைத்தான்.

எந்த காரட்?

தங்கத்தில் 22 காரட் என்றால் சுத்தம். வைரத்தில் காரட் என்பது எடை. 1 காரட் என்பது 0.2 கிராம், அதாவது 100 சென்ட்.

'50 சென்ட் மோதிரம்' என்று சொன்னால், ஒரே கல்லா, பத்து கல்லா என்று கேட்க வேண்டும். பத்து பொடிக் கற்களை விட, அதே தரத்தில் உள்ள ஒரே 50 சென்ட் கல்லின் விலை மிக அதிகம்.

அரை காரட், 1 காரட் என்ற எல்லையைத் தொடும்போது விலை சட்டென ஏறும். 1 காரட் வட்டக் கல்லின் விட்டம் சுமார் 6.5 மி.மீ.; 90 சென்ட் கல்லுக்கு சுமார் 6.2 மி.மீ. விரலில் போட்டா வித்தியாசம் தெரியாது. பில்லில் நல்லாவே தெரியும்!

எதற்குக் காசு கொடுக்கலாம்?

முதலில் கட்டிங். பட்டை சரியாகத் தீட்டப்படாவிட்டால், எவ்வளவு பெரிய கல்லும் மங்கலாகத்தான் இருக்கும். இதில் மட்டும் சமரசம் வேண்டாம்.

நிறம் 'டி' முதல் 'இசட்' வரை தரம் பிரிக்கப்படுகிறது. மஞ்சள் தங்கத்தில் பதிக்கும் கல்லுக்கு 'ஜி' முதல் 'ஜே' வரை இருந்தாலே அழகுதான். உள்ளே உள்ள புள்ளி, கீறலைக் குறிக்கும் தரத்தில் 'விஎஸ்' போதும். வெறும் கண்ணுக்குப் புள்ளி தெரியவில்லை என்றால் 'எஸ்ஐ' கூட எடுக்கலாம்.

'ப்ளூ ஜாகர்' உண்மையா?

நம் வீடுகளில் பாட்டி காலத்துத் தோடு பற்றிப் பெருமையாகச் சொல்லும் பெயர் இது. தென்னாப்பிரிக்காவின் ஜாகர்ஸ்ஃபான்டைன் சுரங்கத்தில் கிடைத்த நீலம் கலந்த வெள்ளை வைரங்களால் வந்தது. அந்தச் சுரங்கம் 1971-லேயே மூடப்பட்டுவிட்டது. இன்று அது பெரும்பாலும் விற்பனைப் பெயர்தான். பெயருக்காகக் கூடுதல் பணம் கேட்டால், சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள்.

ஹால்மார்க் எதற்கு?

பலரும் ஏமாறுவது இங்கேதான். மோதிரத்தில் உள்ள 6 இலக்க ஹெச்யூஐடி எண் தங்கத்தின் சுத்தத்துக்கு மட்டும்தான். கல்லுக்கு அது உத்தரவாதம் இல்லை. கல்லுக்கு ஜிஐஏ, ஐஜிஐ போன்ற ஆய்வகங்களின் சான்றிதழ் தனியாக வேண்டும். கல்லின் விளிம்பில் லேசரால் எண் பொறிக்கப்பட்டிருந்தால், லென்ஸ் வழியாகப் பார்த்து, சான்றிதழில் உள்ள எண்ணோடு ஒத்துப்போகிறதா எனச் சரிபார்க்கலாம்.

ஆய்வக வைரம் போலியா?

இல்லை. அதுவும் கார்பன்தான், கண்ணால் பார்த்து வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது. 'அமெரிக்கன் டைமண்ட்' என்பது வைரமே அல்லாத வேறு பொருள். ஆய்வக வைர ஆராய்ச்சிக்காக சென்னை ஐஐடி-க்கு 5 ஆண்டுகளுக்கு ரூ.242.96 கோடியை மத்திய அரசு 2023-ல் அறிவித்தது. இதன் விலை இயற்கை வைரத்தை விட மிகக் குறைவு. ஆனால், திரும்ப விற்கும்போது கிடைப்பதும் குறைவுதான். போட்டு அழகு பார்க்க இது லாபம்; அவசரத்துக்கு விற்கலாம் என்ற கணக்கு இருந்தால் யோசிக்க வேண்டும்.

பில்லில் என்ன இருக்க வேண்டும்?

தங்கத்தின் நிகர எடை, கல்லின் எடை, கல்லின் விலை, செய்கூலி, 3% ஜிஎஸ்டி எல்லாம் தனித்தனியாக இருக்க வேண்டும். மோதிரம் மொத்தம் 4 கிராம், கல் 50 சென்ட் என்றால் தங்கம் 3.9 கிராம்தான். கல்லின் எடைக்கும் தங்க விலை போட்டால் நஷ்டம் உங்களுக்கே. இயற்கை வைரமா, ஆய்வக வைரமா என்பதையும், திரும்ப எடுத்தால் எத்தனை சதவீதம் தருவார்கள் என்பதையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வாய்வார்த்தை பின்னாளில் கைகொடுக்காது.