உண்டியலுக்குக் காவல் உண்டு, பிள்ளைகளுக்கு?

திருவிழாக் கொடி ஏறிவிட்டால் நம் ஆலயங்களில் பெரியவர்களைவிடப் பிள்ளைகளின் நடமாட்டமே மிகுதியாகிவிடும். தேவாரம் பயிலும் சிறுவர், கோலாட்டத்திற்கும் பரதத்திற்கும் ஒத்திகை பார்க்கும் சிறுமியர், உறுமி மேளக் குழுவில் கொட்டிப் பழகும் இளையோர், அன்னதானப் பந்தியில் தண்ணீர் ஊற்றும் பாலகர் என ஆலய வளாகம் காலை முதல் நள்ளிரவு வரை அவர்களால் நிறைந்திருக்கும். ‘கோயிலுக்குத்தானே போயிருக்கிறான்’ என்று பெற்றோரும் நிம்மதியாக இருப்பர்.

அந்த நிம்மதிக்கு நம் ஆலய நிர்வாகங்கள் அளிக்கும் உறுதி என்ன என்பதைத் திருவிழாக் காலத்திலேயே எண்ணிப் பார்ப்பது பொருத்தமாகும்.

உண்டியல் திறக்கும் நாளை நினைத்துப் பாருங்கள். முறையாக நடைபெறும் ஆலயங்களில் தலைவர் தனியே அமர்ந்து அதனைத் திறப்பதில்லை. பொருளாளர் இருப்பார், செயலவையினர் இருப்பர், பக்தர் சிலரும் சாட்சியாக உடன் அமர்வர். எண்ணிய தொகை கணக்கேட்டில் ஏறும், கையொப்பம் இடப்படும். அம்பாளின் நகைகளுக்குப் பட்டியல் உண்டு. பெட்டகத்திற்குப் பூட்டு உண்டு. ‘எங்களைத் திருடர் என்று ஐயுறுகிறீர்களா?’ என எந்தப் பொருளாளரும் மனம் வருந்துவதில்லை. முறையான கணக்கு நேர்மையாளருக்கே பெரும் பாதுகாப்பு என்பதை அவர் அறிவார்.

ஆனால் வாரந்தோறும் நம் பிள்ளைகளை ஒப்படைக்கும் சமய வகுப்பு ஆசிரியரையோ, நடனப் பயிற்றுநரையோ, வேன் ஓட்டுநரையோ அமர்த்தும்போது நாம் கேட்பது என்ன? ‘நல்ல பக்திமான்’, ‘இனிமையாகப் பாடுவார்’, ‘சம்பளமே கேட்கவில்லை’ என்னும் சொற்களே பல இடங்களில் போதுமானவை ஆகிவிடுகின்றன. பொன்னுக்கும் பொருளுக்கும் உள்ள காவல் பிள்ளைகளுக்கும் வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வேண்டுகோள்.

நெஞ்சை உலுக்கிய வழக்கு

2016 ஆம் ஆண்டு ஜூன் மாதம் இலண்டன் ஓல்ட் பெய்லி நீதிமன்றம் ரிச்சர்ட் ஹக்கிள் என்னும் பிரிட்டிஷ் ஆடவனுக்கு 22 ஆயுள் தண்டனைகளை விதித்தது. 2006 முதல் 2014 வரை சிறார்களுக்கு எதிராக இழைத்த 71 குற்றங்களை அவன் ஒப்புக்கொண்டிருந்தான். அவற்றுள் பெரும்பாலானவை நம் மலேசிய மண்ணில் நிகழ்ந்தவை. கோலாலம்பூரில் ஏழைக் குடும்பங்களிடையே ஆங்கிலம் கற்பிக்கும் தொண்டனாகவும் புகைப்படக் கலைஞனாகவும் அவன் பழகினான். உதவ வந்த நல்லவன் என நம்பியே அவனுக்குக் கதவுகள் திறந்தன.

தீய எண்ணம் கொண்டோர் பிள்ளைகள் கூடும் இடத்தைத் தேடி வருவர். தொண்டு என்னும் பெயர் அவர்களுக்கு எளிதாகக் கிடைக்கும் திரை. பள்ளிக்கூடமோ, விளையாட்டுக் கழகமோ, வழிபாட்டுத் தலமோ இதற்கு விலக்கில்லை.

சட்டம் தரும் துணை

2001 ஆம் ஆண்டுச் சிறார் சட்டம் 2016 இல் திருத்தப்பட்டபோது, சிறாருக்கு எதிரான குற்றங்களில் தண்டிக்கப்பட்டோரின் பதிவேடு ஒன்று ஏற்படுத்தப்பட்டது. அதனைச் சமூக நல இலாகா பராமரித்து வருகிறது. பிள்ளைகளைக் கவனிக்கும் பணிக்கு வருபவரின் பெயர் அதில் உள்ளதா என இலாகாவின் வழியாகச் சோதிக்கும் ஏற்பாடு 2019 இல் தொடங்கப்பட்டது. கண்டவரெல்லாம் புரட்டிப் பார்க்கும் பட்டியலாக அது வைக்கப்படவில்லை; உரிய காரணத்துடன் இலாகாவை நாட வேண்டும். ஆலயச் செயலாளர் தம் மாவட்டச் சமூக நல அலுவலகத்திற்கு நேரில் சென்றால் வேண்டிய விவரங்களைப் பெறலாம்.

2017 ஜூலை 10 இல் நடப்புக்கு வந்த சிறாருக்கு எதிரான பாலியல் குற்றச் சட்டமும் நாம் அறிய வேண்டிய ஒன்றாகும். 18 வயதுக்குட்பட்ட அனைவரும் இச்சட்டத்தின் பார்வையில் சிறாரே. தவறான நோக்கத்துடன் ஒரு சிறாரைப் பேசிப் பழக்கி வசப்படுத்த முயல்வதே தனிக் குற்றம். அதற்கு 5 ஆண்டு வரை சிறையும் பிரம்படியும் உண்டு. ஆசிரியர், பயிற்றுநர், பராமரிப்பாளர் போன்று நம்பிக்கைக்குரிய நிலையில் இருப்பவர் குற்றம் இழைத்தால், அக்குற்றத்திற்குரிய தண்டனையோடு மேலும் 5 ஆண்டு வரை சிறையும் குறைந்தது 2 பிரம்படியும் சேரும். குற்றம் நிகழ்ந்ததை அறிந்தும் தெரிவிக்கத் தவறுவோருக்கு 5,000 வெள்ளி வரை அபராதம் விதிக்கப்படலாம். ‘ஆலயத்தின் பெயர் கெட்டுவிடும்’ என்று மூடி மறைப்பவர் சட்டத்தின் முன்னும் குற்றவாளி ஆகிறார்.

சோதனை காட்டாதவை

பின்னணிச் சோதனை ஒன்றே எல்லாவற்றையும் காத்துவிடும் என எண்ணுவதும் தவறு. நீதிமன்றத்தில் குற்றம் உறுதியான பின்னரே ஒருவரின் பெயர் பதிவேட்டில் ஏறும். பிடிபடாதவரின் பெயர் எந்த ஏட்டிலும் இராது. அயல்நாட்டில் தண்டிக்கப்பட்டவரின் பெயரை உள்நாட்டுப் பதிவேட்டில் எதிர்பார்க்கவும் இயலாது.

இங்கிலாந்தின் சோஹம் என்னும் ஊரில் 2002 ஆகஸ்டில் 10 வயதுச் சிறுமியர் இருவர் கொல்லப்பட்டனர். கொன்றவன் அவ்வூர்ப் பள்ளி ஒன்றின் பராமரிப்புப் பணியாளன். வேறொரு வட்டாரத்தில் அவன்மீது முன்பே பல புகார்கள் எழுந்திருந்தன. ஆனால் அவனைப் பணிக்கு எடுத்தவர்களுக்கு அவை எட்டவில்லை. இது குறித்து ஆராய்ந்து 2004 இல் வெளியான விசாரணை அறிக்கைக்குப் பின்னர், பிள்ளைகளோடு பணியாற்றுவோரைச் சோதிக்கும் முறை அந்நாட்டில் வெகுவாகச் சீரமைக்கப்பட்டது.

இதில் நமக்கும் பாடம் உண்டு. ஓர் ஆலயத்தில் ஒருவர்மீது புகார் எழுந்து, ‘இனி வர வேண்டாம்’ என்று ஓசையின்றி அவர் அனுப்பப்பட்டால், அடுத்த ஊர் ஆலயத்தில் அவரே புதிய தொண்டராகப் பொன்னாடை பெறக்கூடும். ஆகவே பதிவேட்டுச் சோதனையோடு, முன்பு தொண்டாற்றிய ஆலயத்தின் தலைவரிடமோ செயலாளரிடமோ நேரில் விசாரிப்பதும் இன்றியமையாதது.

ஆலயங்கள் செய்யத்தக்கவை

முதலாவதாக, பிள்ளைகளோடு நெருங்கிப் பழகும் பொறுப்புகள் யாவை எனப் பட்டியலிட வேண்டும். சமய வகுப்பு, இசை, நடனம், உறுமி மேளம், முகாம், வேன் பயணம் ஆகியவை அதில் அடங்கும். அப்பொறுப்பை ஏற்போரின் அடையாளக் கார்டு விவரம், எழுத்துவழி இசைவு, அவரை நன்கறிந்த இருவரின் பரிந்துரை ஆகியவற்றைப் பெற்ற பின்னரே பணி தொடங்க வேண்டும். தலைவரின் உறவினரானாலும், பெரும் உபயக்காரரின் மகனானாலும் விதி ஒன்றாகவே இருக்கட்டும்.

இரண்டாவதாக, தமிழகத்திலிருந்தோ இலங்கையிலிருந்தோ வரும் ஓதுவார், நாதஸ்வர தவில் கலைஞர், நடன ஆசிரியர் ஆகியோர் பிள்ளைகளுக்குக் கற்பிப்பதாயின், தம் நாட்டுக் காவல் துறையின் நற்சான்றைக் கொண்டுவரச் செய்யலாம். இந்தியாவில் இச்சான்றைப் பாஸ்போர்ட் அலுவலகத்தின் வழியாகப் பெறும் முறை உள்ளது.

மூன்றாவதாக, அன்றாட ஒழுங்கு வேண்டும். பிள்ளைகள் உள்ள இடத்தில் பெரியவர் இருவராவது இருக்கட்டும். வகுப்பறைக் கதவு திறந்திருக்கட்டும். தொண்டர் எவரும் ஒரு பிள்ளையைத் தனியே காரில் ஏற்றிச் செல்லலாகாது. நடன உடை மாற்றும் அறைக்குத் தாய்மார் பொறுப்பேற்கட்டும். பதிவேடு காட்டாதவரையும் தடுத்து நிறுத்துவது இவ்வொழுங்கே.

நான்காவதாக, பிள்ளைகளும் பெற்றோரும் அச்சமின்றி முறையிட ஒருவரை, இயன்றால் ஒரு பெண்மணியை, நியமித்து அவர் பெயரை அறிவிப்புப் பலகையில் எழுதி வைக்க வேண்டும். புகார் வந்தால் ஆலய மண்டபத்தில் பஞ்சாயத்து கூட்டிச் சமாதானம் பேசுதல் கூடாது. உடனே போலீசில் புகார் செய்ய வேண்டும். 15999 என்னும் தாலியான் காசே எண்ணை எந்நேரமும் அழைக்கலாம்.

தொண்டருக்கு அவமதிப்பா?

‘இறைபணிக்கு வருபவரிடம் சான்று கேட்பதா?’ என்று சிலர் வருந்தலாம். அவ்வருத்தத்தை மதித்தே இம்முறையை நடத்த வேண்டும். சோதனையின் முடிவைத் தலைவரும் செயலாளரும் மட்டுமே அறிந்து, பூட்டிய பெட்டியில் வைக்க வேண்டும். தேநீர்க் கடையில் அது பேச்சாகிவிடலாகாது. என்றோ செய்த சிறு பிழைக்காக ஒருவரை எல்லாத் தொண்டிலிருந்தும் விலக்குவதும் நியாயமாகாது. மடைப்பள்ளியிலும், மாலை கட்டுவதிலும், வாகன நிறுத்துமிடத்திலும் ஆற்ற வேண்டிய தொண்டுகள் ஏராளம். ஆனால் சிறாருக்குத் தீங்கிழைத்ததற்காகத் தண்டிக்கப்பட்டவரைப் பிள்ளைகளிடம் அனுப்புவதற்கு எவ்விதச் சமாதானமும் ஏற்புடையதன்று.

உண்மையான தொண்டர் இதனை முகமலர்ந்து ஏற்பார். தலைவரே முதலாமவராகத் தம் பெயரைச் சோதனைக்குக் கொடுத்தால் முணுமுணுப்பும் அடங்கிவிடும்.

நம் ஆலயங்களில் பல, சங்கப் பதிவிலாகாவில் பதிவு பெற்று ஆண்டுக் கூட்டம் நடத்துபவை. அக்கூட்டத்தில் வரவு செலவுக் கணக்கை வாசித்து ஏற்பது போலப் பிள்ளைகளின் பாதுகாப்பு விதிகளையும் வாசித்துத் தீர்மானம் நிறைவேற்றுவது கடினமன்று. உபயக்காரப் பெருமக்கள் இதனை முன்மொழியலாம், பெற்றோர் வழிமொழியலாம். உண்டியலில் விழும் காசை எண்ணுவதற்குச் சாட்சி வைக்கும் நாம், நாளை அவ்வாலயத்தையே தாங்கப்போகும் பிள்ளைகளுக்கும் காவல் வைப்போமாக.