தச்சுப் பட்டறையிற் பிறந்த இசை

வீணை பயில விரும்பும் ஒருவருக்கு வீணை முன்னரே உண்டு. அதன் தண்டும் குடமும் மெட்டுக்களும் அவர் பிறப்பதற்கு நெடுங்காலத்தின் முன்பே முடிவுசெய்யப்பட்டவை. பியானோ பயில்வார்க்கும் அஃதே. கருவி வகுத்த எல்லையை ஏற்றுக்கொண்டே கலைஞர் தம் ஆற்றலைப் புலப்படுத்துவர். இவ்வழக்கிற்கு மாறாக, தாம் கேட்க விரும்பிய ஒலி எக்கருவியிலும் இல்லையெனக் கண்டு, கருவியையே தம் கையாற் செய்து, சுரங்களையும் தாமே வகுத்துக்கொண்ட சிலர் இருபதாம் நூற்றாண்டில் மேலைநாடுகளில் தோன்றினர். இத்தாலிய ஓவியர் லூயிஜி ருசோலோ 1913 இல் இரைச்சலும் இசையாகும் என அறிக்கை விடுத்து, உறுமுகின்ற பெட்டிகள் பலவற்றைச் செய்தார்; அவர் செய்த பெட்டிகளில் ஒன்றேனும் இன்று எஞ்சியதில்லை. இத்தகையாருள் முதலில் வைத்து எண்ணத்தக்கவர் ஐக்கிய அமெரிக்காவிற் பிறந்த ஹரி பார்ட்ச் ஆவர். அவருடைய இசையை முதன்முறை கேட்போருட் பலர் நகைப்பர். சிலர் முகஞ் சுளிப்பர். ஆயினும் ஒருசாரார் அதனை மீண்டும் மீண்டும் நாடிச் செல்கின்றனர். அந்நாட்டம் விந்தைப்பொருளைக் காணும் ஆவல் மாத்திரந்தானா, அன்றி அதற்கு மேலும் காரணம் உண்டா என்பது ஆராயத்தக்கது.

பார்ட்ச் 1901 ஆம் ஆண்டு யூன் 24 இற் கலிபோர்னியா மாநிலத்து ஓக்லண்ட் நகரிற் பிறந்தார். பெற்றோர் முன்னர்ச் சீனாவில் மிஷனரிமாராய் இருந்தவர்கள். அரிசோனா, நியூ மெக்சிக்கோ ஆகிய வறண்ட நிலப்பகுதிகளின் சிற்றூர்களில் வளர்ந்த அவர், இசைக்கல்லூரிப் படிப்பில் நிறைவு காணாது, வாசிகசாலைகளையே தம் ஆசிரியராகக் கொண்டார். 1923 இற் சக்கிரமெந்தோ நகரத்து நூல்நிலையத்தில், ஜேர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் ஒலியுணர்வு பற்றி எழுதிய பெருநூல் அவர் கைக்கு வந்தது. அந்நூலே அவர் வாழ்வின் திசையை மாற்றியது எனலாம். ஏழாண்டுகள் கழிந்து, 1930 இல், நியூ ஓர்லியன்ஸ் நகரில் இருந்தபோது, அதுகாறும் பதினான்கு ஆண்டுகளாகத் தாம் இயற்றியிருந்த இசையாக்கங்கள் அனைத்தையும் ஓர் இரும்பு அடுப்பிலிட்டு எரித்தார். அவருக்கு அப்பொழுது வயது இருபத்தொன்பது.

அவர் எரித்தது தாள்களை மட்டுமன்று; அத்தாள்கள் சார்ந்திருந்த சுரமுறையையும் அன்றே கைவிட்டார். அச்சுரமுறையில் அவர் கண்ட குறை யாது என்பது விளங்கினாலன்றி, பின்னர் அவர் செய்தவற்றின் பொருள் விளங்காது. இயற்கையில் இனிமையாக இயையும் ஒலிகள் சிறிய எண்களின் விகிதத்தில் அமைந்தவை. பார்ட்ச் தம் ஆதார ஒலியாகக் கொண்டது ஒரு வினாடிக்கு 392 அதிர்வுகளை உடையது. அதனோடு 3க்கு 2 என்னும் விகிதத்தில் இயைவது 588. 5க்கு 4 என்னும் விகிதத்தில் இயைவது 490. பியானோவிலோ ஒரு ஸ்தாயி பன்னிரண்டு சமபங்குகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. எச்சுரத்தையும் ஆதாரமாகக் கொண்டு வாசிக்கலாம் என்னும் பெரும்பயனுக்காகச் செய்யப்பட்ட ஏற்பாடு அது. அதன்படி முன்னது 587.3 ஆகவும் பின்னது 493.9 ஆகவும் ஒலிக்கும். முன்னதிலுள்ள வேறுபாடு செவிக்குப் புலனாகாது. பின்னதிலுள்ளது பயின்ற செவிக்குப் புலனாகும். 7க்கு 4 என்னும் விகிதத்திற்குரிய 686 ஐப் பியானோ 698.5 என ஒலிக்கும். 11க்கு 8 என்பதற்குரிய 539 பியானோவிலே இல்லவே இல்லை; அது 523.3, 554.4 என்னும் இரு கட்டைகளின் இடைவெளியில் விழுந்து மறைந்துவிடுகிறது.

தம்புராவின் மந்தரத் தந்தியை மீட்டும்போது அந்தர காந்தாரம் தானே எழுவதைக் கேட்டுப் பழகிய நம்மவர்க்கு இது புதுமையன்று. அங்ஙனம் எழுவது 5க்கு 4 என்னும் விகிதத்ததே. பியானோவின் காந்தாரம் அதனினும் சிறிது உயர்ந்து நிற்கும். பார்ட்ச் செய்தது இவ்விகிதங்களைப் பதினொன்று என்னும் எண் வரையிற் பின்தொடர்ந்து சென்றதேயாம். அவ்வாறு சென்றபோது ஒரு ஸ்தாயியினுள் 29 ஒலிகள் கிடைத்தன. இடையே அகன்று கிடந்த வெளிகளை நிரப்ப மேலும் 14 சேர்த்து, 43 என வகுத்துக்கொண்டார்.

நாற்பத்துமூன்று சுரங்களை வாசிக்கக் கருவி வேண்டுமன்றோ? முதலில் ஒரு வயோலாவின் கழுத்தை அகற்றி, செலோவின் நீண்ட கழுத்தைப் பொருத்தி, விரல் வைக்கும் இடங்களைச் சிறு ஆணிகளால் அடையாளப்படுத்தினார். அக்கருவியைத் துணையாகக் கொண்டு சீனப் புலவர் லீ போவின் பாடல்களின் ஆங்கில ஆக்கங்களுக்கு இசை வகுத்தார். மனிதர் பேசும்போது குரல் ஏறியிறங்கும் நுண்மையை அவ்வாறே இசையிற் பிடித்தல் வேண்டும் என்பதே அவர் குறிக்கோள். சுரங்களின் தொகை பெருகியதும் இதன்பொருட்டே. 1934 இற் கார்னகி நிதியத்தின் உதவிபெற்று இங்கிலாந்து சென்றபோது, டப்ளின் நகரிற் கவிஞர் யேட்சைக் கண்டு தம் கருத்தை விளக்கினார். இலண்டனில், பண்டைக் கிரேக்க நரம்புக்கருவியாகிய கித்தாராவை ஆராய்ந்து மீளச் செய்திருந்த கத்லீன் சிலேசிங்கர் அம்மையாரையும் சந்தித்தார். அமெரிக்கா மீண்டபின் தாமும் ஒரு கித்தாராவைச் செய்தார். ஏறத்தாழ அக்காலத்திலேயே விபுலாநந்த அடிகள் வழக்கொழிந்த யாழைக் கணித வழியால் மீட்க முயன்று, 1947 இல் யாழ்நூலை வெளியிட்டமை ஈண்டு நினைவுகூரத்தக்கது. இரு முயற்சிகளுக்கும் தொடர்பு யாதுமில்லை. எனினும், இறந்துபட்ட கருவியை எண்ணும் விகிதமும் கொண்டு எழுப்பலாம் என்னும் துணிவு இரண்டிடத்தும் ஒன்றே.

பார்ட்ச் நாடு திரும்பிய காலம் பெரும் பொருளாதார வீழ்ச்சிக் காலம். 1935 முதல் ஏறத்தாழ எட்டாண்டுகள் பழம் பறித்தும், அச்சுப்படி திருத்தியும், பொருட்புகையிரதங்களில் இரகசியமாக ஏறி ஊர்விட்டு ஊர் சென்றும் காலங்கழித்தார். வறுமை பலரை ஊமையாக்கும். இவருக்கோ அது செவியைத் திறந்தது. 1940 இற் கலிபோர்னியாவின் பாஸ்ரோ என்னும் ஊரில், நெடுஞ்சாலையோரக் கைப்பிடித் தண்டில், வாகனங்களை மறித்து இலவசப் பயணம் செய்யும் வழிப்போக்கர் கிறுக்கிச் சென்ற வாசகங்களைக் கண்டார். தன் பெயரும் முகவரியும் எழுதித் தான் மணம்புரிய விரும்புவதை அறிவித்தாள் ஒரு பெண். எளிதிற் பிச்சை கிடைக்கும் வீட்டின் விலாசத்தைப் பின்வருவோர்க்கு எழுதிவைத்தான் ஒருவன். இவ்வாறான எட்டு வாசகங்களை எடுத்து, எழுத்துப்பிழை நீக்காமலும் அழகுபடுத்தாமலும் 1941 இல் இசையமைத்தார். சன் பிரான்சிஸ்கோவிலிருந்து சிக்காகோ வரையிலான தம் புகையிரதப் பயணத்தை, நிலையப் பெயர்களையே பாடலாக்கி, 1943 இல் மற்றோர் ஆக்கமாகச் செய்தார். உயர்குடியினர் கூடும் இசையரங்கில் நாடோடியின் பேச்சு அதன் சொந்தக் குரலிலேயே புகுந்தது. பார்ட்சின் ஆக்கங்களில் இவ்விரண்டுமே நெஞ்சில் மிக ஆழப் பதிவன எனக் கூறுதல் பொருந்தும்.

அவருடைய கருவிகளோ கண்டார் வியப்பன. பழைய காற்றுப்பெட்டி ஓர்கன் ஒன்றின் நாக்குகளை மாற்றி 43 சுரத்திற்கும் இசைவித்தார்; அதில் ஒரு ஸ்தாயியை வாசிக்கக் கை மூன்றரை ஸ்தாயித் தூரம் ஓடவேண்டும். 36 மரக்கட்டைகளைச் சாய்சதுரமாக அடுக்கி, கோலை ஒருமுறை வழுக்கி இழுத்தாலே பல சுரங்கள் கூடி இயையுமாறு அமைத்தார். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் கதிர்வீச்சு ஆய்வுகூடத்தில், அணுத்துகள்களின் தடத்தைக் காட்டும் முகிலறைகளுக்காக வெட்டியெடுத்தபின் எஞ்சிய பெருங் கண்ணாடிச் சாடிகளின் அடியும் முடியும் அவர் கண்ணிற் பட்டன. அவற்றை ஒரு சட்டத்திலே தொங்கவிட்டு மெல்லத் தட்டினார். ஜலதரங்கத்தினும் மணியோசையினும் வேறான, நெடிது நின்று தேய்கின்ற நாதம் எழுந்தது. பீரங்கிக் குண்டுகளின் பித்தளை உறைகளைத் தொங்கவிட்ட கருவிக்குப் போரிற் கொள்ளையிட்ட பொருள் எனப் பெயரிட்டார். விமான எரிபொருட் தாங்கிகளின் மூக்குக் கூம்புகள், மதுப் போத்தல்கள், கோயில்மணி கட்டிய சுரைக்குடுக்கைகள், உட்கம்பி நீக்கிய 24 மின்குமிழ்கள் ஆகிய யாவும் இசைக்கருவியாயின. மின்குமிழ்க் கருவியின் ஓசை கோப்பிக் கேத்தல் குமுறுவது போன்றதாம். மரத்தாலான மற்றொரு பெருங்கருவியின் மிகத் தாழ்ந்த கட்டை வினாடிக்கு 22 முறையே அதிரும். அது செவியாற் கேட்கப்படுவதினும் மார்பாலும் காலடியாலும் உணரப்படுவது. தம்மைத் தச்சுத்தொழில் மயக்கி இழுத்துக்கொண்ட இசைவாணர் என அவரே நகையாடிக்கொண்டார்.

இக்கருவிகள் திரைக்குப் பின்னே மறைந்திருத்தற்குரியனவல்ல. அவையே மேடையின் காட்சிப்பொருள். வாசிப்போர் வேடமணிந்து நடிகராகவும் நிற்றல் வேண்டும். 1969 ஆம் ஆண்டு சனவரியில் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் அரங்கேறிய அவருடைய பெருநாடகத்தின் முதற்பகுதி யப்பானிய நோ நாடகக் கதையொன்றைத் தழுவியது. இரண்டாம் பகுதி எதியோப்பிய நாட்டார் கதை. செவிட்டு நாடோடி ஒருவனுக்கும் ஆடு மேய்க்கும் கிழவி ஒருத்திக்கும் மூண்ட வழக்கை, காதும் கேளாத கண்ணும் தெளியாத நீதிபதி ஒருவர் விசாரிக்கிறார். முன்னதில் அவலமும் பின்னதில் நகையும் தலைப்படும்.

இனி, இவ்விசை ஈர்ப்பதற்குக் காரணம் யாது? 43 சுரங்களின் நுட்பமே காரணம் என அவர் அன்பர் சிலர் கூறுவர். அஃது அத்துணைப் பொருத்தமன்று. கேட்போருட் பெரும்பாலார் அடுத்தடுத்த இரு சுரங்களைப் பிரித்தறியமாட்டார். கண்ணாடியும் கட்டையும் தட்டிய சில நொடியில் தேயும் ஓசையுடையனவாதலின் நுண்வேறுபாட்டை நின்று காட்டவும் மாட்டா. உண்மையில் முதற்கண் மனத்தைக் கவர்வது ஓசையின் மெய்ம்மை. மரம் மரமாகவே ஒலிக்கிறது. கண்ணாடி கண்ணாடியாகவே ஒலிக்கிறது. தொழிற்சாலையிற் செய்த கருவி தன் பொருளை மறைக்கக் கற்றது. கையாற் செய்த கருவிக்கு அம்மறைப்புத் தெரியாது. அன்றியும், எச்சுரம் எப்பொழுது வரும் எனப் பழகிய செவி முன்கூட்டியே எண்ணிவிடுவதால் அரைகுறையாகவே கேட்கிறது. இங்கோ எதிர்பார்ப்புக்கு இடமில்லை. குழந்தை முதன்முதல் ஒலியைக் கேட்பதுபோல் முழுக்கவனத்தோடு கேட்கவேண்டியதாகிறது. அவ்வாறு கேட்கத் தொடங்கியபின், விநோதம் எனத் தோன்றியது விநோதமாக இராது.

அவருடைய கொள்கை முழுவதையும் ஒப்புக்கொள்ளவேண்டுமென்பதில்லை. 1949 இல் வெளியான தம் நூலில், ஐரோப்பிய இசை மனித உடலையும் சொல்லையும் மறந்து அருவமாகிவிட்டது எனக் கடிந்துரைத்தார். பாக் முதலியோரைப் பற்றிய அவர் தீர்ப்புக்கள் கடுமையானவை. நடுநிலை பிறழ்ந்தவை எனவும் கூறலாம். பன்னிரு சமபங்கு முறை இல்லையேல், சுரத்துக்குச் சுரம் ஆதாரம் மாறிச்செல்லும் பேராக்கங்கள் தோன்றியிரா என்பதை அவர் சீர்தூக்கியதாகத் தெரியவில்லை.

தனிவழி சென்றதற்குரிய விலையையும் அவர் கொடுத்தார். நிலையான பதவி எப்பல்கலைக்கழகத்திலும் கிடைக்கவில்லை. 1953 இற் சௌசலித்தோ என்னும் ஊரில் கைவிடப்பட்ட கப்பற்பட்டறை ஒன்றிற் குடியேறி, இசைத்தட்டுக்களைத் தாமே வெளியிட்டுத் தபால் மூலம் விற்றார். இடம் மாறுந்தோறும் பாரவண்டிகளிற் கருவிகளை ஏற்றிச்செல்ல நேர்ந்தது. ஒவ்வொரு கருவிக்கும் குறியீடு வெவ்வேறாதலின் வாசிக்க வந்தோர் மாதக்கணக்கிற் பயிலவேண்டியவராயினர். பியானோ உள்ள ஊரெல்லாம் பீதோவன் வாழ்வார்; பார்ட்சின் இசையோ உலகில் ஒரேயொரு தொகுதிக் கருவிகள் இருந்த இடத்திலேயே வாழ்ந்தது. 1974 ஆம் ஆண்டு செப்டெம்பர் 3 இற் சன் தியேகோவில் அவர் மறைந்தபின், மாணவர்கள் அவற்றைப் பேணினர். நியூ யேர்சியில் நெடுநாள் இருந்த அவை 2014 இற் சியாட்டில் நகரத்து வாஷிங்டன் பல்கலைக்கழகத்திற்குக் கொண்டுசெல்லப்பட்டன. இதற்கு முந்திய ஆண்டில், ஜேர்மனியின் கொலோன் நகரைச் சேர்ந்த இசைக்குழுவொன்று கருவிகள் அனைத்தையும் மறுபடி செய்வித்து, அவருடைய பெருநாடகத்தை ரூர் கலைவிழாவில் அரங்கேற்றியது.

மரக்கட்டையைச் செதுக்கி வேண்டிய சுரத்திற்குக் கொண்டுவரலாம், தந்தியை முறுக்கலாம், ஓர்கனின் நாக்கைச் சுரண்டலாம். கண்ணாடிச் சாடியின் வெட்டுத்துண்டோ தன் உருவும் கனமும் விதித்த ஒலியையே தரும். வாசிக்கையில் ஒரு கிண்ணம் உடைந்தால், அதே நாதமுள்ள இன்னொன்று கிடைப்பது அரிது. கிடைத்ததைத் தொங்கவிட்டு, அதன் ஒலியைக் கேட்டபின்பே அதற்குரிய விகிதத்தை எழுதிக்கொள்ளவேண்டும்.