ஜித்தாவின் ஜன்னலும் எங்கள் கச்சான் காற்றும்

கடந்த நவம்பரில் ஒரு மழை நாள். கடைக்கு ஆட்கள் வரவில்லை. நிலுவைக் கணக்கைப் புரட்டிக் கொண்டிருந்தேன். அப்போது பல வருடப் பழக்கமுள்ள ஓர் ஆசிரியை குடையை மடக்கி வாசலில் வைத்துவிட்டு உள்ளே வந்தார். கையிலிருந்த பெரிய பையை மேசையில் வைத்து அவிழ்த்தார். உள்ளே கடும் சிவப்பு வெல்வட் திரைச்சீலை.

"காக்கா, இது உங்கட கடையில எடுத்ததுதான். மணந்து பாருங்க" என்றார்.

மணந்து பார்க்கத் தேவை இருக்கவில்லை. மடிப்புகளுக்குள் கறுப்புப் புள்ளிகளாகப் பூஞ்சணம் பூத்திருந்தது. அவர் அதை வாங்கிப் போய் ஒன்றரை வருடம்தான் ஆகியிருந்தது. சீட்டுப் பிடித்துச் சேர்த்த பணத்தில் எடுத்தவர். திருப்பித் தருகிறேன் என்று நான் வாய் திறப்பதற்கு முன்பே, "சல்லி கேட்டு வரல்ல. இனி என்ன போடுற எண்டு கேக்கத்தான் வந்தன்" என்றார். அவர் சண்டை பிடித்திருந்தால் எனக்கு மனம் லேசாகியிருக்கும்.

அந்தத் திரைச்சீலையை அவர் எங்கே கண்டு ஆசைப்பட்டார் என்பது எனக்குத் தெரியும். உம்ராவுக்குப் போனபோது மக்காவில் தங்கியிருந்த ஹோட்டலின் முன் மண்டபத்தில். கைத்தொலைபேசியில் படமெடுத்து வந்து காட்டினார். "இதே மாதிரி வேணும்" என்றார். எங்களிடம் இருந்தது. விற்றேன். ஜன்னல் எந்தப் பக்கம் பார்க்கிறது, மழை நாளில் வீட்டுக்குள் காற்றோட்டம் எப்படி என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அளவு மட்டும்தான் கேட்டேன்.

வாசக நேயர்களே, வெளிநாடு போய் வருகின்ற நம்மவர்கள் வீட்டை அழகுபடுத்தும் யோசனைகளோடு திரும்பி வருவது இப்போது சாதாரண விஷயம். துபாயில் கண்ட விளக்கு, இஸ்தான்பூலில் கண்ட ஓடு, கோலாலம்பூரில் கண்ட செட்டி. இதில் தவறொன்றுமில்லை. இந்த ஆசைதான் என்னைப் போன்றவர்களுக்குச் சோறு போடுகிறது. ஆனால், ஒரு பொருள் அது இருக்கின்ற இடத்தில் என்ன வேலை செய்கிறது என்று கேளாமல் அதைத் தூக்கி வந்தால் என்ன நடக்கும் என்பதற்கு அந்தப் பை சாட்சி.

மக்கா வறண்ட பள்ளத்தாக்கு. வருடத்தின் பெரும் பகுதியில் காற்றில் ஈரம் மிகக் குறைவு. ஹோட்டலோ கண்ணாடி அடைத்து, இரவு பகலாகக் குளிரூட்டி ஓடுகின்ற கட்டடம். வெளிவெளிச்சத்தையும் வெப்பத்தையும் மறித்து, உள்ளே இருக்கின்ற குளிரை வெளியே விடாமல் காப்பது அங்கே கனத்த திரைச்சீலையின் வேலை. எங்கள் கரையோர ஊர்களில் மாரி காலத்தில் நிலைமை என்ன? ஒக்டோபர் முதல் ஜனவரி வரை துணி காய்வதே பெரும் பாடு. வெல்வட்டின் மயிர்த்தளம் ஈரத்தைப் பிடித்தால் இலேசில் விடாது. சுவரோடு ஒட்டித் தொங்கினால் பின்பக்கம் காற்றும் படாது. பூஞ்சணத்துக்கு வேறென்ன வேண்டும்?

இதில் என்னை நானே கடிந்துகொள்ள இன்னொரு காரணமும் உண்டு. 2020 ஏப்ரலில் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் வந்தபோது எங்களுக்கு வெளிநாட்டுச் சுருள்கள் கிடைப்பது அரிதாகிப் போனது. 2022இல் டொலர் நெருக்கடி மிச்சத்தையும் முடித்தது. வேறு வழியின்றி மருதமுனைக் கைத்தறியாளர்களிடம் போய்த் திரைச்சீலைக்கென்று பருத்தித் துணி நெய்யச் சொல்லி விற்றோம். நன்றாகவே போனது. ஒரு முறைப்பாடு வரவில்லை. 2023இல் கட்டுப்பாடுகள் தளர்ந்ததும் நான் செய்த முதல் வேலை, கொழும்புக்குப் போய் வெல்வட் சுருள்களுக்குக் காசோலை எழுதியதுதான். பழைய குருடி கதவைத் திறடி என்பார்களே, அந்தக் கதை. யாருக்கு இலாபம் கூடவோ அதைத்தான் கை தேடும்.

அந்தச் சுருள்களின் நிறங்களையும் சொல்ல வேண்டும். கடும் சிவப்பு, செம்மண், கபிலம், எரிந்த செம்மஞ்சள். இவை எங்கிருந்து வருகின்றன? சீனாவின் குவாங்சோவில் 1957 முதல் நடந்து வருகின்ற பெரிய வர்த்தகக் கண்காட்சி வருடத்துக்கு இரு முறை கூடும். ஒன்று வசந்த காலத்தில், மற்றது இலையுதிர் காலத்தில். ஐரோப்பா, அமெரிக்காவின் கடைகள் அடுத்த பருவத்துக்குக் கேட்கும் நிறங்களே அங்கு முன்வரிசையில் தொங்கும். அவர்களுடைய மரங்கள் செம்மஞ்சளாகின்ற மாதத்தில் அவர்கள் வீடுகளும் செம்மஞ்சளாகின்றன. அது அவர்களுக்குப் பொருத்தம். எங்களுக்கு எது இலையுதிர் காலம்? அந்தக் கபில நிறத் துணியை இங்கே கச்சான் காற்றில், வெளியே புல் கருகிக் கிடக்கும்போது ஜன்னலில் மாட்டினால் வீட்டுக்குள்ளும் கருகல்தான்.

எங்களுக்கும் பருவங்கள் இருக்கின்றன. அவற்றை அலங்காரத்துக்குரியவை என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை, அவ்வளவுதான். தென்மேல் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, வெறும் கையோடு கிழக்கே இறங்கும்போது சூடேறி வருகிறது. அதுதான் கச்சான். மே மாதமளவில் தொடங்கி ஓகஸ்ட் கடந்தும் வீசும். அந்த மாதங்களில் கண்ணுக்குத் தேவை குளிர்ச்சி. வெள்ளை, இளநீலம், பாசிப்பச்சை. மாரியில் வானமே சாம்பல். அப்போது வீட்டுக்குள் மஞ்சளும் இளஞ்சிவப்பும் வந்தால் விளக்கேற்றியது போலிருக்கும். பெரும்போக வயல் டிசம்பர், ஜனவரியில் என்ன பச்சை, பெப்ரவரி, மார்ச்சில் என்ன பொன்! நிறப்பட்டியலுக்கு வெளியே போய்த் தேட வேண்டியதில்லை. வரம்பில் நின்றால் போதும்.

நிறத்தை இப்படி நாட்டிலிருந்தே எடுத்துக் காட்டியவர்கள் இலங்கையிலேயே இருந்தார்கள். 2022இல் காலமான பார்பரா சன்சோனி அவர்களுள் முக்கியமானவர். இந்நாட்டுக் கைத்தறிக்குத் துணிச்சலான நிறக்கோடுகளைக் கொடுத்த அவர், ஊர் ஊராகப் பயணம் செய்து பழைய கட்டடங்களைப் படம் வரைந்தவர். கட்டடக்கலைஞர் ஜெஃப்ரி பாவா இன்னொருவர். தந்தை வழியில் அவருக்கு முஸ்லிம் பூர்வீகமும் உண்டு என்பதை நம்மவர்களில் பலர் அறியார். இத்தாலியத் தோட்டங்களில் மனதைப் பறிகொடுத்துத் திரும்பியவர், பெந்தோட்டைக்கருகே லுனுகங்கவில் ஒரு பழைய தோட்டத்தை வாங்கி, 2003இல் இறக்கும் வரை அதைச் செதுக்கிக் கொண்டிருந்தார். அங்கே போய்ப் பாருங்கள். இத்தாலியைத் தேடினால் சில சிலைகளைத் தவிர அதிகம் கிடைக்காது. மரமும் குளமும் வயலும் எங்களுடையவை. எங்கே நின்றால் எது கண்ணில் பட வேண்டும் என்ற கணக்கை மட்டும்தான் அவர் அங்கிருந்து கொண்டு வந்தார்.

பருவத்தை வீட்டுக்குள் கொண்டு வருகின்ற ஆசை புதிதல்ல. பாரசீக மன்னர்களிடம் ஒரு பெரிய கம்பளம் இருந்தது. அறுபது முழத்துக்கு அறுபது முழம். பட்டிலும் பொன்னிலும் இரத்தினங்களிலும் ஒரு வசந்தகாலத் தோட்டத்தையே நெய்து வைத்திருந்தார்கள், ஓடைகள், பாதைகள், பூக்கள் எல்லாமாக. வெளியே பூக்களெல்லாம் உதிர்ந்த குளிர்காலத்தில் அதன் மேல் அமர்ந்து வசந்தத்தை அனுபவிப்பார்களாம். கி.பி. 637இல் மதாயின் நகரம் முஸ்லிம்கள் வசமானபோது அந்தக் கம்பளம் மதீனாவுக்கு அனுப்பப்பட்டது. உமர் (ரழி) அவர்கள் அதைத் துண்டு துண்டாக வெட்டிப் பங்கிட்டார்கள். அலி (ரழி) அவர்களுக்குக் கிடைத்த துண்டு 20,000 திர்ஹத்துக்கு விலைபோனது என்றும், அது அவற்றுள் சிறந்த துண்டுகூட இல்லை என்றும் தபரி எழுதுகிறார். துணி வியாபாரியாகிய எனக்கு இதை வாசிக்கும்போதெல்லாம் கத்தரிக்கோல் சத்தம் காதில் கேட்கும்.

எங்கள் சமூகத்தில் வீடு புதுக்குகின்ற காலம் நோன்பு மாதம். இங்கேதான் வியாபாரிகள் தவறுகின்ற ஒரு கணக்கு இருக்கிறது. சந்திர வருடம் ஏறத்தாழ 11 நாட்கள் குறைவு. ஆகவே பெருநாள் பருவங்களைக் கடந்து பின்னோக்கி நடந்துகொண்டே இருக்கும், சுமார் 33 வருடங்களில் ஒரு சுற்று. 2000ஆம் ஆண்டில் ஜனவரியிலும் டிசம்பரிலும் இரண்டு நோன்புப் பெருநாட்கள் வந்தன. இரண்டும் மாரியில். 2016இல் ஜூலையில், நல்ல கச்சானில். 2025இல் மார்ச் கடைசியில், வயல் அறுவடை முடிந்து கையில் காசு புழங்கும் நேரம். 2030ஐ அண்டி அது மறுபடியும் மழைக்குள் போய்விடும். போன பெருநாளுக்கு எது விற்றது என்று பழைய பற்றுச்சீட்டைப் பார்த்தே சரக்கு எடுக்கிறோம். கலண்டரையும் வானத்தையும் சேர்த்துப் பார்ப்பவர்கள் எத்தனை பேர்?

அந்த ஆசிரியையிடம் மீண்டும் வருகிறேன். அன்று அவரிடம் ஜித்தாவைப் பற்றிப் பேசினேன். உம்ராவுக்குப் போகின்ற நம்மவர்களில் பலர் ஜித்தாவில்தான் இறங்குகிறார்கள். விமான நிலையத்தைத் தவிர வேறெதையும் பார்ப்பதில்லை. அந்நகரின் பழைய பகுதியான அல்-பலதை யுனெஸ்கோ 2014இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. செங்கடலின் பவளக்கல்லால் கட்டிய உயர்ந்த வீடுகள். அவற்றின் முகப்பில் ரோஷன் என்ற மரப் பலகணிகள் வெளியே துருத்தி நிற்கும். நுணுக்கமான மரப்பின்னல். வெயில் உள்ளே விழாது. தெருவில் போகிறவர் கண்ணும் உள்ளே போகாது. காற்று மட்டும் போகும். மக்காவைப் போலன்றி ஜித்தா எங்களைப் போலக் கடலோர ஊர், வியர்வை காயாத ஊர். அந்த மக்கள் ஜன்னலுக்குக் கண்ட வழி எங்களுக்கும் ஒத்துவரும். எங்கள் பழைய வீடுகளிலும் கதவுக்கு மேலே மரப்பின்னல் இருந்ததே, கண்ணாடி போடுகிறோம் என்று நாம்தான் கழற்றி எறிந்தோம்.

ஆசிரியை தச்சனைப் பிடித்து முன் ஹோலின் ஜன்னல் இரண்டுக்கு மரப்பின்னல் போட்டார். அளவுக்கு ஏற்ற மாதிரி சாதாரண சட்டங்கள்தான், ஜித்தாவின் வேலைப்பாடு இல்லை. நான் மருதமுனைத் துணியில் இரண்டு தொகுதி தைத்துக் கொடுத்தேன். கச்சானுக்கு வெள்ளையில் இளநீலக் கோடு, மாரிக்கு மஞ்சள். கம்பியைச் சுவரிலிருந்து நான்கு அங்குலம் தள்ளி அடிக்கச் சொன்னேன், பின்னால் காற்று போவதற்கு. கம்பளத்துக்குப் பதிலாக எங்கள் பக்கத்துப் பெண்கள் பின்னுகின்ற பன் பாய்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். கைத்தறி மலிவல்ல. யார் கணக்கில் பார்த்தால் பொலியெஸ்டரை விடக் கூடுதல் விலை. நேர் வெயிலில் நிறம் மங்கும். கச்சானில் தூசு ஏறும், அடிக்கடி துவைக்க வேண்டும். மருதமுனையில் நெய்தாலும் நூலும் சாயமும் பெரும்பாலும் வெளியிலிருந்துதான் வருகின்றன. டொலர் ஏறினால் இதுவும் ஏறும். 2004 டிசம்பர் சுனாமியில் கரையோரத் தறிகள் அழிந்த பின், நெசவை விட்டுப் போனவர்கள் பலர் திரும்பி வரவில்லை. கேட்ட நாளில் துணி கிடைக்கும் என்று நான் யாருக்கும் வாக்குக் கொடுப்பதில்லை.

வியாபாரக் கணக்கில் எனக்கு என்ன ஆனது? ஒரு பெரிய விற்பனைக்குப் பதிலாக வருடத்தில் இரண்டு சிறிய விற்பனை. இலாபம் சற்றுக் குறைவு. ஆனால் அந்த ஆசிரியையின் பாடசாலையிலிருந்து இதுவரை மூன்று பேர் வந்துவிட்டார்கள்.

மிஞ்சியிருந்த வெல்வட் சுருள்களைக் கலியாண மண்டபம் சோடிக்கின்ற ஒருவர் எடுத்துக் கொண்டார். இரவு கட்டி விடியக் கழற்றுகிறவருக்குப் பூஞ்சணப் பயம் இல்லை. இரண்டு சுருள் இன்னும் அறையில் கிடக்கிறது.

போன வாரம் ஆசிரியை தொலைபேசி எடுத்தார். மகளும் மருமகனும் உம்ராவுக்குப் போகிறார்களாம். ஜித்தாவில் ஒரு பகல் தங்குவார்களாம். "படம் எடுத்து வரச் சொல்லியிருக்கன் காக்கா. அந்த ஜன்னல்ட கட்டைக்கும் கட்டைக்கும் இடையில எவ்வளவு இடம் விடுறாங்க எண்டு அளந்தும் பாக்கட்டா?" என்று கேட்டார்.

அளவுநாடா ஒன்றைக் கொடுத்து அனுப்பியிருக்கிறேன்.