கலியாணப் படம் யாருக்குச் சொந்தம்?

மேற்கு நாடுகளின் பள்ளிக்கூட விடுமுறை, நல்லூர்த் திருவிழா, ஆவணி முகூர்த்தங்கள் எல்லாம் அடுத்தடுத்து வருகிற நாள்களில் யாழ்ப்பாணத்துக் கமராக்காரருக்கு மூச்சுவிட நேரமிருக்காது. ரொறன்ரோ, லண்டன், சூரிச், ஒஸ்லோ என்று பல இடங்களிலிருந்தும் குடும்பங்கள் வந்திறங்கும். பொன்னுருக்கில் தொடங்கி வரவேற்பு வரை படமெடுக்க ஆள் வேண்டும், ட்ரோன் வேண்டும், தடித்த அல்பம் வேண்டும். பலாலி 2019 ஒக்ரோபரில் சர்வதேச விமான நிலையமாகி, சென்னைக்கு விமானங்கள் பறக்கத் தொடங்கிய பிறகு போட்டியும் கூடிவிட்டது. வசதியுள்ள குடும்பம் சென்னையிலிருந்தே ஒரு படப்பிடிப்புக் குழுவை வரவழைக்க முடிகிறது. இந்த நிலைமையில் சுன்னாகத்திலோ சாவகச்சேரியிலோ சின்னதாக ஸ்ரூடியோ வைத்திருக்கும் இளைஞர் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: நல்ல காசு தரும் ஆட்கள் எங்களைத் தேடி வர என்ன செய்ய வேண்டும்?

புதுக் கமரா வாங்கு, முகநூலில் விளம்பரம் போடு, பின்தொடர்வோரைக் கூட்டு என்று பலர் ஆலோசனை சொல்வார்கள். எனக்கு இவற்றில் பெரிய நம்பிக்கை இல்லை. அதிகம் தரக்கூடிய குடும்பம் ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பாலிருந்து, நேரில் காணாத ஒருவரிடம், திரும்ப எடுக்கவே முடியாத ஒரு நாளை ஒப்படைக்கிறது. முற்பணத்தை அனுப்பிவிட்டுக் காத்திருக்கப்போகிற அந்தக் குடும்பத்துக்கு வேண்டியது உறுதி. தெளிவாக எழுதிக் கையொப்பமிட்ட ஒப்பந்தம் அந்த உறுதியைக் கொடுக்கும். எங்கள் பக்கத்தில் பெரும்பாலான கலியாணப் படப்பிடிப்பு இன்னமும் “பிரச்சினை இல்லை அண்ணை, நாங்கள் பாத்துக்கொள்ளுறம்” என்ற சொல்லிலேயே நடக்கிறது. பிரச்சினை வராதவரை அந்தச் சொல் போதும்.

முதலில் சொந்தம் பற்றிய கேள்வி. ஊரில் கிட்டத்தட்ட எல்லா ஸ்ரூடியோக்காரரும் “நான் எடுத்த படம் என்னுடையது” என்றுதான் நினைக்கிறார்கள். இலங்கைச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் 14 ஆம் பிரிவின்படி, ஒருவர் பணித்து உருவாக்கப்பட்ட படைப்பின் பொருளாதார உரிமை, ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதப்படாவிட்டால், பணித்தவருக்கே உரியது. காசு கொடுத்துக் கலியாணத்தைப் படமெடுக்கச் சொன்ன குடும்பம்தான் இங்கே பணித்தவர். பிரதியெடுக்கவும் பகிரவும் விற்கவும் விளம்பரத்துக்குப் பயன்படுத்தவும் உள்ள உரிமை அவர்களிடம் இருக்கிறது. இந்த உரிமை படமெடுத்தவரின் வாழ்நாள் முழுவதும், அதன் பின் 70 ஆண்டுகளும் நீடிக்கும். எடுத்தவருக்கு மிஞ்சுவது தார்மீக உரிமை: படம் பொதுவில் பயன்படும்போது தன் பெயரைப் போடும்படி கேட்கலாம், தன் நற்பெயர் கெடும்படி படத்தைச் சிதைத்தால் எதிர்க்கலாம்.

இதன் விளைவைப் பலர் யோசிப்பதில்லை. பொம்பிளை மாப்பிள்ளையின் அனுமதி இல்லாமல் அவர்களுடைய படத்தை ஸ்ரூடியோ தன் முகநூல் பக்கத்தில் விளம்பரமாகப் போட்டால், எழுத்தில் வேறு ஏற்பாடு இல்லாத நிலையில், அது உரிமை மீறலாகலாம். கடைவாசலில் தொங்கும் பெரிய படத்துக்கும் இதே நிலைதான்.

வெளியிலிருந்து வரும் குடும்பங்களின் மனதிலும் குழப்பம் உண்டு. அவர்கள் வாழும் நாடுகளில் சட்டம் வேறு. பிரித்தானியாவில் 1989 ஓகஸ்ட் 1 முதல் படமெடுத்தவரே முதல் உரிமையாளர். ஆனாலும் குடும்பத் தேவைக்காகப் பணித்து எடுப்பித்த படத்தை அவர் பொதுவில் வெளியிடாமல் தடுக்கும் தனியுரிமையை அந்நாட்டுச் சட்டம் குடும்பத்துக்குக் கொடுத்திருக்கிறது. கனடாவில் 2012 நவம்பர் 7 வரை பணித்தவரிடம் இருந்த உரிமை, அதன் பிறகு படமெடுத்தவரிடம் போய்விட்டது. குடும்பம் தன் சொந்தப் பயன்பாட்டுக்குப் பிரதியெடுக்கலாம். இந்தியாவின் 1957 ஆம் ஆண்டுச் சட்டமோ காசு கொடுத்து எடுப்பித்தவரையே முதல் உரிமையாளராக வைத்திருக்கிறது. இப்படியிருக்க, ரொறன்ரோவில் இருக்கும் மாப்பிள்ளையும் மானிப்பாயில் இருக்கும் ஸ்ரூடியோக்காரரும் ஒரே படத்தைப் பற்றி இரண்டு சட்டங்களை மனதில் வைத்துப் பேசிக்கொள்கிறார்கள். எந்த நாட்டுச் சட்டம் பொருந்தும், யார் எதைச் செய்யலாம் என்று ஒரு பந்தி எழுதிவிட்டால் இந்தச் சிக்கல் அங்கேயே அவிழ்ந்துவிடும்.

இதில் தொழிலுக்கும் இலாபம் இருக்கிறது. விளம்பரத்துக்குப் படம் வேண்டுமென்றால், தெரிவுசெய்த இத்தனை படங்களை, குடும்பம் பார்த்து ஒப்புதல் தந்த பிறகு, எங்கள் பக்கத்தில் போடலாம் என்று ஒப்பந்தத்தில் எழுதிக் கையொப்பம் வாங்குங்கள். தங்கள் கலியாணம் ஓரிடத்திலும் வெளிவரக்கூடாது என்று விரும்பும் குடும்பங்களும் இருக்கின்றன. பட்டுக்கூறையும் நகையும் மட்டுமா, யார் வந்தார் யார் வரவில்லை என்பதுகூடப் படத்தில் தெரிந்துவிடுகிறதே. அப்படிப்பட்டவர்களுக்கு, ஒரு படமும் வெளியே போகாது என்ற உறுதியை எழுத்தில் கொடுத்து, விளம்பர வாய்ப்பை இழப்பதற்காகக் கூடுதல் கட்டணம் கேட்பது நியாயமானது. கேட்ட கட்டணத்தை மறுக்காமல் தரக்கூடியவர்களும் பெரும்பாலும் இவர்கள்தான்.

சாமத்திய வீட்டுப் படங்களைப் பற்றி இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் படங்களும் வீடியோவும் பெயர், ஊர், பள்ளிக்கூடம் தெரியும்படி ஸ்ரூடியோப் பக்கங்களில் ஏறுகின்றன. கீழே முன்பின் அறியாதவர்கள் எழுதும் கருத்துகளைப் பார்த்தால் மனம் பதறுகிறது. பெற்றோர் சந்தோசத்தில் சம்மதித்திருக்கலாம். அந்தப் பிள்ளையை ஒருவரும் கேட்டிருக்க மாட்டார்கள். படிப்படியாக நடைமுறைக்குக் கொண்டுவரப்படும் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் பிள்ளைகளைப் பற்றிய தரவைக் கூடிய பாதுகாப்புத் தேவைப்படும் சிறப்பு வகையில் சேர்த்திருக்கிறது. சட்டம் முழுமையாக வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. சிறுமிகளின் படத்தை விளம்பரத்துக்குப் பயன்படுத்துவதில்லை என்று ஒரு ஸ்ரூடியோ தானாகவே முடிவெடுத்து அதை வெளிப்படையாக அறிவிக்கலாம். அப்படி அறிவிக்கும் ஸ்ரூடியோவை நான் என் உறவினர் எல்லோருக்கும் சிபாரிசு செய்வேன்.

இனிக் காசு. முற்பணம் எவ்வளவு, மிச்சம் எப்போது, கலியாணம் தள்ளிப்போனால் என்ன, நின்றே போனால் என்ன என்பவை எழுதப்பட வேண்டும். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது மண்டபக்காரர், சமையல்காரர், படப்பிடிப்பாளர் என்று எல்லோரிடமும் முற்பணம் மாட்டிக்கொண்டது. திருப்பித் தர வேண்டுமா இல்லையா என்று எழுதி வைத்தவர்கள் மிகச் சிலர். 2022 இல் இன்னொரு அடி. அந்த மார்ச் மாதத் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாயாக இருந்த அமெரிக்க டொலர், மே மாதத்தில் 360 ரூபாய் அளவுக்குப் போனது. அல்பத் தாள், மை, பற்றரி எல்லாம் இறக்குமதிப் பொருள்கள். ரூபாயில் பேசிய விலைக்குக் கட்டுப்பட்டவர்கள் கைக்காசைப் போட்டே அல்பம் அச்சிட்டார்கள். பொருள்விலை குறிப்பிட்ட அளவுக்கு மேல் ஏறினால் அல்பத்தின் விலையை மட்டும் மீளப் பேசலாம் என்ற ஒரு வரி இரண்டு பக்கத்துக்கும் நல்லது.

முற்பணத்தை உண்டியலில் அனுப்பும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். அது சட்டப்படியான வழி அல்ல. காசு போனதற்கோ வந்ததற்கோ ஆதாரமும் மிஞ்சாது. வங்கிக் கணக்குக்கு அனுப்பி, பற்றுச்சீட்டு வாங்குவதே இருவருக்கும் காப்பு.

படப்பிடிப்பாளரைக் குறிவைக்கும் மோசடி ஒன்று பல நாடுகளில் நடக்கிறது. வெளிநாட்டிலிருந்து பெரிய தொகைக்கு முன்பதிவு வரும். பேசியதைவிடக் கூடுதலாகக் காசு அனுப்பியதாகச் சொல்லி, அந்த மிச்சத்தை அலங்காரக்காரருக்கோ வாகனக்காரருக்கோ உடனே அனுப்பிவிடும்படி கேட்பார்கள். நீங்கள் அனுப்பிய காசு போன பிறகு, அவர்கள் அனுப்பியது திருடிய அட்டையிலிருந்து வந்ததென்று வங்கி திருப்பி எடுத்துவிடும். காசு கணக்கில் உறுதியாகச் சேர்ந்துவிட்டதென்று வங்கி சொல்லும்வரை ஒரு சதமும் வெளியே அனுப்பாதீர்கள். “மாதம் இத்தனை வெளிநாட்டு வாடிக்கையாளர் நிச்சயம்” என்று சொல்லி முன்கூட்டியே கட்டணம் கேட்பவர்களிடமும் இதே எச்சரிக்கை வேண்டும். ஸ்ரூடியோவின் முகநூல் பக்கம் களவாடப்பட்டால், இணையப் பாதுகாப்பைக் கவனிக்கும் இலங்கை சேர்ட் நிறுவனத்தின் 101 என்ற இலக்கத்துக்கு அறிவிக்கலாம்.

வேறொருவர் எடுத்த படத்தைத் தன் வேலையென்று காட்டி வாடிக்கையாளர் பிடிப்பவர்களும் இருக்கிறார்கள். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் வியாபாரத்தில் ஏமாற்றும் நடத்தையையும் பொய்யான எடுத்துரைப்பையும் தடைசெய்கிறது. அதே சட்டத்தின் 32 ஆம் பிரிவு, சேவை வழங்கும் எந்த ஒப்பந்தத்திலும் உரிய கவனத்தோடும் திறமையோடும் வேலை செய்யப்படும் என்ற உத்தரவாதம் அடங்கியிருப்பதாகவே கொள்கிறது. நீங்கள் எழுதாவிட்டாலும் அது இருக்கும். ஒரே ஒரு ஹார்ட் டிஸ்கில் கலியாணத்தை வைத்து, அது பழுதானதும் கையை விரித்தால், அதைக் கவனமான வேலை என்று வாதிடுவது கடினம். அன்றிரவே இரண்டு பிரதி, அதில் ஒன்று வேறொரு வீட்டில் என்பதையும், எத்தனை மாதம் வைத்திருப்போம் என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதுங்கள். கேள்வி கேட்கத் தெரிந்த வாடிக்கையாளர் முதலில் பார்க்கும் வரி அதுவாகத்தான் இருக்கும்.

ட்ரோன் பறக்கவிடுவதற்குச் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் பதிவும் அனுமதியும் தேவை. 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களின் பின் ட்ரோன்கள் அடியோடு தடுக்கப்பட்டதையும் மறக்க வேண்டாம். பலாலியும் காங்கேசன்துறையும் அடங்கிய வலிகாமம் வடக்கில் கூடுதல் கவனம் வேண்டும். யாழ்ப்பாணக் கோட்டை, மந்திரிமனை போன்ற இடங்களில் தொழில்முறைப் படப்பிடிப்புக்கு முன் தொல்பொருள் திணைக்களத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள். 2019 ஜனவரியில் பழைய தூபி ஒன்றில் ஏறிப் படமெடுத்த பல்கலைக்கழக மாணவர்கள் கைதானார்கள். அனுமதி எடுப்பது யார் பொறுப்பு, கிடைக்காவிட்டால் எவ்வளவு கழிக்கப்படும் என்பதும் எழுத்தில் இருக்கட்டும். சென்னைக் குழுவை அழைக்க நினைக்கும் குடும்பங்களும் ஒன்றை யோசிக்க வேண்டும்: சுற்றுலா விசாவில் வருபவருக்கு இங்கே கூலிக்கு வேலை செய்ய அனுமதி இல்லை, பிணக்கு வந்து அவர் ஊர் திரும்பிவிட்டால் அவரை இங்குள்ள மத்தியஸ்த சபைக்கோ நீதிமன்றத்துக்கோ அழைப்பது மிகச் சிரமம்.

கலியாணம் முடிந்து குடும்பம் விமானம் ஏறிய பிறகுதான் அநேக பிணக்குகள் தொடங்குகின்றன. அல்பம் வரவில்லை. “போற வாற ஆக்களிட்டைக் குடுத்துவிடுறம்” என்று மாதங்கள் ஓடுகின்றன. எதிர்ப்பக்கத்தில் மிச்சக்காசு வராமல் படப்பிடிப்பாளர் அலைகிறார். இங்கே காலக்கெடு முக்கியம். வழக்கிடும் காலத்தை வரையறுக்கும் 1871 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டப்படி, எழுத்து ஒப்பந்தம் மீறப்பட்டால் 6 ஆண்டுகளுக்குள் வழக்கிடலாம். வாய்ப்பேச்சு ஒப்பந்தமென்றால் 3 ஆண்டுகள். செய்த வேலைக்கான கூலி என்று மட்டும் கேட்டால் ஒரே ஆண்டு. எழுதாத ஸ்ரூடியோக்காரர் எவ்வளவு அவகாசத்தை இழக்கிறார் என்பதை இந்த மூன்று கணக்குகளும் சொல்லும்.

எழுத்து என்றால் முத்திரை ஒட்டிய தாள்தான் என்றில்லை. 2006 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க மின்னணுக் கொடுக்கல் வாங்கல்கள் சட்டம் மின்னஞ்சலிலும் செய்தியிலும் செய்யும் ஒப்பந்தத்தை ஏற்கிறது. வட்ஸ்அப்பில் பேசிய விலையையும் திகதியையும் அழித்துவிடாதீர்கள். கைப்பேசியை மாற்றும்போது உரையாடலையும் சேர்த்துக் காப்பாற்றுங்கள்.

ஏமாற்றப்பட்ட வாடிக்கையாளர் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 என்ற இலக்கத்தில் வழிகேட்டு, மூன்று மாதங்களுக்குள் எழுத்தில் முறைப்பாடு செய்யலாம். காசுப் பிணக்குக்கு இரு தரப்புமே செல்லத் தகுந்த இடம், 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டத்தில் அமைந்த மத்தியஸ்த சபை. அங்கே சட்டத்தரணி தேவையில்லை, செலவும் இல்லை. குறிப்பிட்ட தொகைக்குக் குறைந்த பிணக்கில், இணக்கம் காணப்படவில்லை என்ற சபையின் சான்றிதழ் இல்லாமல் நீதிமன்றம் வழக்கை ஏற்காது. ஆகவே அங்கேயே தொடங்குவது நேரத்தை மிச்சப்படுத்தும். ஆனால் சபைக்கு ஆள் நேரில் போக வேண்டும், குடும்பமோ கடல் கடந்து இருக்கும். அதனால் முன்பதிவின்போதே ஊரில் இருக்கும் தாய்மாமனையோ பெரியம்மாவையோ ஒப்பந்தத்தில் ஒரு தரப்பாகச் சேர்த்துக் கையொப்பம் வாங்கிவிடுங்கள். அல்பத்தைப் பெற்றுக்கொள்வதும், மிச்சக்காசைக் கொடுப்பதும், தேவை வந்தால் சபைக்குப் போவதும் அவர் பொறுப்பாகும். வழக்குவரை போய்விட்டால், சட்டத்தரணிக்குக் கொடுக்க வசதியில்லாதவர் யாழ்ப்பாணத்திலுள்ள சட்ட உதவி ஆணைக்குழுவின் நிலையத்தில், வருமான விவரத்தோடும் ஒப்பந்தப் பிரதியோடும் விண்ணப்பிக்கலாம்.